பார்ட்ஸ் வராது

சமையலறைக் கத்தியின் முனையை அப்பாவின் போனின் பின்மூடி இடுக்கில் செருகி அவள் நெம்பிக்கொண்டிருந்தபோது, சித்தப்பா வாசலிலிருந்து மறுபடியும் கத்தினார்.

"இன்னுமா ஆன் ஆகல? மணி எட்டரை ஆச்சு. மூணு மணிக்கு எடுக்கணும், வண்டி வந்துடும். அக்கா வந்து சேரவே ஆறு மணி நேரம் ஆகும்."

"கத்தாதீங்க சித்தப்பா."

"கத்தாம என்ன பண்றது? அந்த மனுஷன் ஒரு போனை மாத்தித் தொலைச்சிருந்தா..."

மேலே சொல்லாமல் நிறுத்திக்கொண்டார். அந்த மனுஷன் முன்னறையில் வெள்ளைத் துணிக்கடியில் படுத்திருந்தார். காலடியில் அம்மா. நேற்று மாலையிலிருந்து அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை.

அத்தை அப்பாவுக்கு ஒரே அக்கா. போன மாதம் மகன் வீட்டோடு போய்ச் சேர்ந்தபோது நம்பரை மாற்றியிருந்தாள். புது நம்பர் அப்பாவிடம் மட்டும்தான் இருந்தது. சித்தப்பா அக்காவோடு பேசி நாலு வருஷமாகிறது. அதை யாரும் இப்போது எடுத்துச் சொல்லவில்லை. சொல்லாததனால்தான் அவர் குரல் இவ்வளவு உயர்ந்தது. அவள் சிம்மைக் கழற்றித் தன் போனில் போட்டுப் பார்த்துவிட்டாள். அதில் ஒரு பெயரும் இல்லை. எல்லாம் அந்தப் பழைய போனுக்குள் கிடந்தன. காலையிலிருந்து சார்ஜரில் செருகி வைத்தும் அது மூச்சுவிடவில்லை.

மூடி படக்கென்று கழன்றது. உள்ளே பேட்டரி வயிறு உப்பிக் கிடந்தது.

நேற்று அப்பா சோர்வாக இருக்கிறதென்று சீக்கிரமே வேலையிலிருந்து வந்துவிட்டார். லிப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிப்டுகள் அவர் கைபட்டு ஓடுபவை. குடியிருந்தது மட்டும் லிப்ட் இல்லாத மூன்றாம் மாடி. "டாக்டர் வீட்டுலதான் மருந்து இருக்காது" என்பார் யாராவது கேட்டால். அம்மா ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் இருந்தாள், அவள் தான் வேலை பார்க்கும் போன் கடையில். அவருக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. போன் ஆன் ஆகவில்லை. படியிறங்கியிருக்கிறார். இரண்டாம் மாடி வளைவில் உட்கார்ந்தவரைக் கீழ்வீட்டுத் தையல்காரர்தான் பார்த்தார். கையில் போன். கட்டைவிரல் அதன் பொத்தானை அழுத்தியபடியே இருந்ததாம்.

"அரை மணி நேரம் முன்னாடி வந்திருந்தா பார்த்திருக்கலாம்" என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு விடிந்ததிலிருந்து ஆளாளுக்குப் பேசித் தீர்த்தார்கள்.

"இந்தக் காலத்துல யாரு ஏழு வருஷம் ஒரே போனை வச்சிருக்கா?"

"மனுஷன் நல்லவர்தான். பிடிவாதம்."

"பொண்ணு வேலை பாக்கறதே போன் கடையில. என்ன பிரயோஜனம்?"

ஒவ்வொருவரையும் சட்டையைப் பிடித்துப் படிக்கட்டு வரை இழுத்துப்போகலாம் போலிருந்தது அவளுக்கு. கத்தியைக் கழுவி அடுக்கில் வைத்தாள். செருப்பை மாட்டினாள்.

"எங்க போற?" என்றார் சித்தப்பா.

"கடைக்கு."

"இன்னிக்கா? உனக்கு மூளை கீளை..."

அவள் அதற்குள் முதல் வளைவைத் தாண்டியிருந்தாள். இரண்டாம் மாடி வளைவில் மட்டும் சுவரோடு ஒட்டி நடந்தாள்.

கடை அப்போதுதான் திறந்திருந்தது. கண்ணாடிக் கதவில் ஆளுயரப் படம்: 'உங்கள் போனுக்கு இரண்டு வயதாகிவிட்டதா?' அந்தக் கேள்வியைத் தினமும் தள்ளித் திறந்துகொண்டுதான் மூன்று வருஷமாக உள்ளே போகிறாள். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும் என்று பாடம் நடத்தித்தான் வேலைக்கு எடுத்தார்கள். முதல் வாரம் வீட்டில் அப்பாவிடம் அதை ஒப்பித்துக் காட்டினாள்.

"ரெண்டு வருஷம்னு யாரு சொன்னா?"

"கம்பெனிதான்."

"கம்பெனி சொல்றது இருக்கட்டும், போன் என்ன சொல்லுது?" என்றார். "லிப்ட் கயிறை நாங்க தேதி பார்த்தா மாத்தறோம்? இழை எத்தனை அறுந்திருக்குன்னு விரலை விட்டு எண்ணுவோம். எண்ணிக்கை தாண்டினா அன்னிக்கே மாத்தணும். தாண்டலைன்னா தொடக் கூடாது. சீக்கிரம் மாத்தறவனும் சோம்பேறி, லேட்டா மாத்தறவனும் சோம்பேறி. ரெண்டு பேருமே எண்ண மாட்டாங்க."

பிடிவாதம் என்கிறார்கள். அவர் எண்ணிக்கொண்டுதான் இருந்தார். போன மாதம் எண்ணிக்கை தாண்டியது. நாற்பது சதவீதம் காட்டும்போதே போன் அணைய ஆரம்பித்தது. அன்றைக்கே கடைக்கு வந்தார். மகள் என்று சலுகை கேட்கவில்லை. டோக்கன் எடுத்து, பெஞ்சில் உட்கார்ந்து, முறை வந்ததும் அவள் முன்னால் நின்றார். சட்டைப் பையில் டார்ச். மேனேஜர் அவளுக்குப் பின்னால் நின்றிருந்தார். 'இங்க என்ன ரிப்பேர் கடையா நடத்தறே?' என்று முந்தின நாள்தான் அவளை எல்லார் முன்னாலும் கேட்டிருந்தார்.

"பேட்டரி மாத்தணும்" என்றார் அப்பா.

அவள் போனைத் திருப்பிப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"இந்த மாடலுக்குப் பார்ட்ஸ் வராது சார். புதுசு மாத்திடுங்க."

சார். அந்த வார்த்தை எப்படி வாயில் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. அப்பா ஒரு கணம் பார்த்தார். "அப்படிங்களா மேடம்" என்று போனை வாங்கிக்கொண்டு போனார். மாலையில் வீட்டில், "வெளியில ஒரு பேட்டரி வாங்கிப் போட்டுத் தர்றேன்ப்பா" என்றாள். "வராதுன்னு சொல்லிட்டீங்களே மேடம்" என்று சிரித்தார். அந்தக் கிண்டல் அவளுக்குச் சுருக்கென்றது. 'அப்போ கிடங்க' என்று உள்ளே போய்விட்டாள். கோபம் தணிந்த பிறகு மறந்தும் போனாள்.

இப்போது அவளுடைய நாற்காலியில் பக்கத்துக் கவுண்டர்க்காரி உட்கார்ந்திருந்தாள். எதிரே காவலாளி உடுப்பில் ஒரு பெரியவர்.

"நாலு வருஷம் ஆயிடுச்சேண்ணே. இதுக்குப் பார்ட்ஸ் வராது. மாத்திடுங்க."

"வரும்" என்றாள் அவள். "கீழ் டிராயர்ல இருக்கு."

இருவரும் திரும்பினார்கள். அவள் கவுண்டரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்க் குனிந்து டிராயரை இழுத்தாள். உறையிட்ட பேட்டரிகள் வரிசையாக, மாடல் எண் எழுதி, ஒழுங்காக அடுக்கியிருந்தன. அடுக்கியது அவள்தான். அப்பாவின் போனுக்கானதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

மேனேஜர் அறையிலிருந்து விரைந்து வந்தார். "நீ ஏம்மா வந்தே? மத்தியானம் நாங்க எல்லாரும் அங்க வர்றதா இருந்தோம். கேள்விப்பட்டதிலேர்ந்து மனசே சரியில்ல."

"ஒரு பேட்டரி எடுக்க வந்தேன் சார்."

"இப்பவா? யாருக்கு?"

"போன மாசம் வந்தாரே, நரைச்ச மீசை, பையில டார்ச்சு. நீங்க என் பின்னாடி நின்னீங்க."

மேனேஜருக்கு நினைவு வரக் கொஞ்ச நேரம் ஆனது. வந்ததும் முகம் விழுந்துவிட்டது. "ஐயையோ, அது உங்கப்பாவா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா. சொல்லியிருந்தா அப்பவே போட்டுக் கொடுத்திருப்போமே."

காலையிலிருந்து கேட்ட பேச்சுகளிலெல்லாம் இதுதான் அவளை எரித்தது.

"அப்போ பேட்டரி இருந்துச்சு."

"அப்படி இல்லம்மா..."

"எங்கப்பான்னா இருக்கும். வேற யாரோன்னா இருக்காது. அப்படித்தானே சார்?"

"நீ இப்ப நிதானத்துல இல்ல. வீட்டுக்குப் போ. அப்புறம் பேசிக்கலாம்."

"இவருக்குப் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்க." காவலாளியைக் காட்டினாள். "நான் போறேன்."

மேனேஜர் காவலாளியைப் பார்த்தார். காவலாளி தன் போனை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். பக்கத்துக் கவுண்டர்க்காரி யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் ஒரு பேட்டரியை எடுத்து உறையைக் கிழித்தாள்.

தெருவில் நடக்கும்போதும் மேனேஜருக்குச் சொல்ல வார்த்தைகள் ஊறிக்கொண்டே வந்தன. எல்லாம் கூர்மையானவை. சாலையைக் கடக்க நின்ற இடத்தில், எதிர்ப்பக்கம் நின்ற ஒருவர் அவளைப் பார்த்து நகர்ந்து வழிவிட்டார். அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது, வாய்விட்டுப் பேசிக்கொண்டு வந்திருக்கிறாள். வாயை மூடினாள். அன்றைக்கு மேனேஜர் சும்மாதான் நின்றார். பேசியது இந்த வாய்தான்.

வீட்டில் கூட்டம் கூடியிருந்தது. அவள் யாரையும் பார்க்காமல் அப்பாவின் தலைமாட்டில் தரையில் உட்கார்ந்து, உப்பிய பேட்டரியைப் பெயர்த்து எடுத்தாள். சித்தப்பா குனிந்து பார்த்தார்.

"இது எங்கேர்ந்து கிடைச்சுது?"

"கடையில."

"கடைக்கு வந்து எத்தனை நாளாச்சு?"

"ரெண்டு வருஷமா இருக்கு."

"ரெண்டு வருஷமா இருந்துமா அந்த மனுஷன் மாத்திக்கல? நான்தான் அப்பவே சொன்னேனே, பிடி..."

"அவர் கேட்டார்!" கத்தியேவிட்டாள். தையல்காரர் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றார். "வரிசையில உக்காந்து, டோக்கன் வாங்கிட்டு வந்து கேட்டார். நான்தான் இல்லைன்னு சொன்னேன். முதுகுக்குப் பின்னாடி மேனேஜர் நின்னார்னு பயந்து அப்படிச் சொன்னேன். பெத்த அப்பனை சார்னு கூப்பிட்டு, இல்லைன்னு சொல்லி அனுப்பினேன். பேட்டரி என் காலுக்குக் கீழ இருந்துச்சு. போதுமா? இனிமே யாராவது அவரைப் பிடிவாதம்னு சொல்லுங்க, பாக்கறேன்."

சித்தப்பா சன்னலோரம் போய் நின்றார்.

"அவருக்குத் தெரியும்" என்றாள் அம்மா.

நேற்று மாலையிலிருந்து பேசாத குரல், கரகரத்தது.

"நீ வராதுன்னு சொல்லும்போது உன் முழங்கால் டிராயரைத் தள்ளி மூடிச்சாம். கவுண்டர் கண்ணாடி வழியா அதைப் பார்த்துட்டார். வீட்டுக்கு வந்து எங்கிட்ட சொல்லிச் சிரிச்சார். 'முகம் மாறாம பொய் சொல்றா, வேலையில தேறிடுவா'ன்னார்."

"சிரிச்சாரா?"

"சிரிச்சார்." அம்மா வெள்ளைத் துணியின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள். "அப்புறம் தட்டுல கையை வச்சவர் சாப்பிடாமலேயே எழுந்துட்டார்."

அவள் அம்மாவின் முகத்தையே பார்த்தாள். ஏதாவது வரும் என்று காத்திருந்தாள். ஓர் அடி, ஒரு வசவு.

"திட்டும்மா. எதையாவது சொல்லித் திட்டு."

"போனைப் போடு" என்றாள் அம்மா. "அத்தைக்குச் சொல்லணும்."

பேட்டரி அதன் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்தது. சிம்மைத் திரும்பப் போட்டாள். பொத்தானை அழுத்தினாள். திரை வெளிச்சமானது, ஒரு வம்பும் செய்யவில்லை. ஐந்து நிமிஷ வேலை. கடையில் செய்திருந்தால் டோக்கன் காகிதத்தைக் கசக்கிப் போடுவதற்குள் முடிந்திருக்கும்.

பெயர்ப் பட்டியலில் 'அக்கா புதுசு' என்று இருந்தது.

சித்தப்பா சன்னலோரத்திலிருந்து வந்து கையை நீட்டினார். பிறகு அவரே கையை இழுத்துக்கொண்டார். "நீயே பேசு" என்றார். "என் குரல்னா வச்சிடுவா."

அவள் அழைத்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள் அத்தை.

"டேய்! என்னடா அதிசயமா காலையில? பேசிட்டு இருக்கும்போதே அணைஞ்சு போற போனை வச்சுக்கிட்டு என் உசிரை வாங்கறே. நேத்தெல்லாம் எத்தனை தடவை அடிச்சேன் தெரியுமா? ஒரு வழியா புதுசு வாங்கிட்டியா?"

அவள் வெள்ளைத் துணியைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னடா பேச மாட்டேங்கறே? மறுபடியும் போயிடுச்சா?" அத்தை யாரிடமோ சொன்னாள், "தம்பிதான், லைன்ல இருக்கான், பேச்சுதான் காணோம்." திரும்பவும் போனுக்கு வந்தாள். "இருடா, வாளி நிரம்பி வழியுது. குழாயை மூடிட்டு வந்துடறேன். வச்சிடாதே."

போனை எதன்மீதோ வைக்கும் சத்தம். தேய்ந்த செருப்பின் நடை தூரமாகப் போனது. தண்ணீர் விழும் ஓசை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அம்மாவும் சித்தப்பாவும் அவள் முகத்தையே பார்த்தார்கள். அவள் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

தண்ணீர் நின்றது.