ஆறு மணி சாலட்

காலை ஆறு மணிக்கு ஒரு மனிதனுக்கு முன்னால் கிண்ணம் நிறையப் பச்சைக் காய்கறியை வைத்தால் என்ன செய்வான்? நீங்களாக இருந்தால் சாப்பிட்டுவிடுவீர்கள், இல்லாவிட்டால் சண்டைக்கு நிற்பீர்கள். நம் பல்செட்காரர் மூன்று மாதமாக இரண்டையும் செய்யவில்லை. கிண்டல் செய்தே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, இன்னிக்கு எந்தத் தோட்டத்துல புகுந்து மேஞ்சுட்டு வந்தே?" என்பார். மறுநாள், "இதைப் பாத்தா எனக்குப் பசிக்கல, மாடு மாதிரி கத்தணும்போல இருக்கு" என்பார். சொல்லிவிட்டு இரண்டு துண்டு ரொட்டியை டீயில் முக்கி, அது சொதசொதவென்று ஆனதும் எடுத்து வாயில் போட்டுக்கொள்வார்.

எதிரில் உட்கார்ந்து காரட்டைக் கறுக் முறுக்கென்று கடித்துக்கொண்டிருக்கும் அவர் மனைவி பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். வயது ஐம்பத்து நாலு. அவருக்கு ஐம்பத்தெட்டு. கல்யாணமாகி மூன்றே மாதம். இந்த வயதில் கல்யாணமா என்று நீங்கள் புருவத்தைத் தூக்க வேண்டாம். அதெல்லாம் ஊரில் உள்ளவர்கள் தூக்கி இறக்கியாகிவிட்டது. இருபத்தாறு வருடம் தனியாகவே இருந்தவள் அவள். இந்த வேளைக்கு இதைத்தான் சாப்பிட வேண்டும் என்று சொல்ல வீட்டில் ஓர் ஆள் கிடையாது. காலையில் வயிறு கனத்தால் ஸ்டியரிங்கில் கண் சொருகும் என்று சாலட்டில் ஆரம்பித்தவள், நாளாக ஆக யாருடைய சட்டத்துக்கும் கட்டுப்படாமல் போய்விட்டாள். ஒரு நாள் விடிந்ததும் முதல் நாள் மிஞ்சிய நூடுல்ஸ், சூடுகூடப் பண்ணாமல். ஒரு நாள் எலுமிச்சை பிழிந்த வறுத்த மீன். ஒரு நாள் முழுசாக வேகவைத்த சோளக்கதிர். சாயங்காலம் ஏழு மணிக்கு ரொட்டியும் ஜாமும் முட்டையும். அந்த வீட்டில் சூரியன் எந்தப் பக்கம் உதிக்கிறது என்றே அவருக்குச் சில நாள் சந்தேகமாகிவிடும்.

ஒரே ஒரு நாள் தக்காளி சூப் வைத்தாள். மனிதர் இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு, "பிரமாதம்! இதுவல்லவா காலைச் சாப்பாடு!" என்று வாயாரப் புகழ்ந்தார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் அதே சூப்பில், அவருக்காகவே, மொறுமொறுவென்று வறுத்த ரொட்டித் துண்டுகளைக் கை நிறைய அள்ளிப் போட்டுவிட்டாள். அவர் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, பட்டறையில் அவசர வேலை என்று எழுந்து போனார்.

அவருக்கு என்னதான் பிரச்சினை? சொல்லிவிடுகிறேன், உங்களிடம் எதற்கு மூடி மறைப்பது. அவருடைய மேல்வரிசைப் பல் பூராவும் பல்செட்.

முப்பது வருடமாக ஊர் வாய்க்கெல்லாம் பல் கட்டிக் கொடுக்கிறவர். பல் டாக்டர்கள் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு செய்து, ஒவ்வொரு பல்லாக நட்டு அனுப்புவார். பத்து வருடத்துக்கு முன் அவருக்கே ஈறு கெட்டு மேல்பல் எல்லாம் ஒவ்வொன்றாகப் போனது. பேசாமல் ஒரு டாக்டரிடம் போய் வாயைத் திறந்திருக்கலாம். ஆனால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் உள்ள டாக்டர்கள் அத்தனை பேரும் அவருக்கு வேலை கொடுக்கிறவர்கள். அவர்கள் முன்னால் பொக்கை வாயோடு உட்காருவதா? பட்டறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்தபடி, தன் கையாலேயே தன் வாயை அச்செடுத்தார். கை நடுங்கியதோ என்னவோ, அச்சு ஒரு மயிரிழை பிசகிவிட்டது. பல்செட் பின்பக்கம் சரியாகப் பிடிக்கவில்லை.

வேறு யாருடைய வாயாக இருந்தாலும் அதை உடைத்துப் போட்டுவிட்டு மறுபடி செய்திருப்பார். தன் வாய் என்றதும் பார்வைக்கு நன்றாக இருந்தால் போதும் என்று விட்டுவிட்டார். பார்வைக்கோ, அடேயப்பா! சந்தேகமே வரக்கூடாதென்று ஒரு கோரைப்பல்லைச் சற்றே கோணலாக நட்டார். இன்னொன்றின் ஓரத்தில் லேசாக டீக்கறைகூட ஏற்றினார். பத்து வருடத்தில் ஒரு டாக்டர் கண்டுபிடிக்கவில்லை. மெத்தென்று சாப்பிடும்வரை எல்லாம் சௌக்கியம். முன்பல்லால் எதையாவது கடித்தால் மட்டும் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும். காய் விதை ஒன்று அடியில் புகுந்துகொண்டால் உயிர் போகும்.

இதை அவளிடம் சொல்வதற்கென்ன? அங்கேதான் சிக்கல். அவள் அக்காவுக்குச் செய்த பல்செட் சரியாக உட்காரவில்லை என்று சண்டை போடத்தான் அவள் முதன்முதலில் பட்டறைக்கு வந்தாள். இவர் ராவிச் சரி செய்து கொடுத்துவிட்டுச் சிரித்தார். வீட்டுக்குப் போய் அவள் சொன்னாளாம்: "அக்கா, பல்லு கட்டறவரு பல்லே கோணலா இருக்கு. ஆனா நேராக்கிக்கணும்னு அவருக்குத் தோணவே இல்ல பாரு. பொய்யில்லாத சிரிப்பு." கல்யாணப் பேச்சு வந்தபோது அக்கா இதை அவரிடம் ஒப்பித்தாள். அன்றைக்கு அவர் வாயை மூடியவர்தான். இனி சொன்னால் அவள் பிடித்துப்போய் வந்த ஒரே விஷயமும் போய்விடுமே.

ஆகவே மூன்று மாதமாகப் பல்லைக் கழற்றாமலே தூங்குகிறார். ஈறு வீங்கி வலிக்கும். காலையில் மெழுகு காய்ச்ச வேண்டும் என்று பொய் சொல்லி, அரை மணி முன்னதாகவே பட்டறைக்கு ஓடி, செட்டைக் கழற்றி வைத்துவிட்டு அப்பாடா என்று உட்காருவார். பாலிஷ் போடும் கூட்டாளிக்கு மட்டும் விஷயம் தெரியும்.

"அண்ணே, இன்னிக்கு மெனு என்ன?" என்று ஆரம்பிப்பான் அவன்.

"கோஸ், வெள்ளரிக்காய், மேல மாதுளை முத்து."

"ஐயோ, மாதுளை முத்தா? உங்களைக் கொல்லணும்னே கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க போல."

இப்படிச் சிரிப்பும் கும்மாளமுமாகப் போய்க்கொண்டிருந்தது, அந்த வெள்ளிக்கிழமைவரை. அன்று அவர் கிண்ணத்தைப் பார்த்து, "வேலியோரம் போற ஆட்டுக்கு இதைக் காமிச்சிடாதே, உன் பின்னாடியே வந்துடும்" என்றார். அவள் சிரிக்கவில்லை. கிண்ணத்தை மூடினாள்.

"இனிமே தொந்தரவு இல்லங்க. திங்கட்கிழமையிலேருந்து நான் டப்பால போட்டு எடுத்துக்கிட்டுப் போய், பஸ்லயே சாப்பிட்டுக்கறேன். நீங்க நிம்மதியா உங்க ரொட்டியைச் சாப்பிடுங்க."

"அட, சும்மா விளையாட்டுக்கு..."

"இருபத்தாறு வருஷம் காலையில பஸ்லதான் தனியா உக்காந்து சாப்பிட்டேன். பழக்கம்தான்." அவ்வளவுதான் சொன்னாள். சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

டீயில் முக்கிய ரொட்டியை அவர் எடுக்கவே இல்லை. காலையில் எதிரில் ஒரு ஆள் உட்கார வேண்டும் என்றுதான் இந்த வயதில் கல்யாணத்துக்கே சம்மதித்தேன் என்று அவள் ஒரு முறை சொல்லியிருந்தாள். அந்த ஆள் அவர். மூன்று மாதமாக எதிரில் உட்கார்ந்து அவள் சாப்பாட்டைப் பழித்துக்கொண்டிருந்த ஆளும் அவரே.

சனிக்கிழமை பட்டறையில் ஒரு கிலோ காரட்டோடு வந்து இறங்கினார். கூட்டாளி அதையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்னண்ணே, பட்டறைக்குள்ள முயல் வளக்கப் போறோமா?"

"வாயை மூடு. அந்தப் பசைப் பொடி டப்பாவை எடு."

பொடியை அப்பி, செட்டை அழுத்தி வைத்து, காரட்டைக் கடித்தார். கழன்றது. இன்னும் அப்பிக் கடித்தார். கழன்றது. மதியத்துக்குள் தரையெல்லாம் பாதி கடித்த காரட். "அண்ணே, பேசாம அண்ணிகிட்டச் சொல்லிடுங்க" என்றான் கூட்டாளி, இந்த முறை சிரிக்காமல். "சொன்னா என்ன, பல்லையா பிடுங்கிடுவாங்க? அதுதான் இல்லையே."

"உனக்கென்னடா தெரியும்" என்று எரிந்து விழுந்தார் அவர்.

திங்கட்கிழமை ஐந்தே முக்காலுக்கே மேஜையில் வந்து உட்கார்ந்துவிட்டார். மேல் ஈறு முழுக்கப் பசை. சமையலறையில் அவள் காய்களை டப்பாவில் அடைத்துக்கொண்டிருந்தாள். எழுந்து போய் டப்பாவை அவள் கையிலிருந்து வாங்கினார்.

"பஸ்ஸுக்கு வேண்டாம். இங்கயே சாப்பிடு. எனக்கும் ஒரு கிண்ணம் வை."

அவள் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். "உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். வைம்மா."

வைத்தாள். தக்காளி இறங்கியது. வெள்ளரியை ஒரு பக்கமாக ஒதுக்கி எப்படியோ சமாளித்தார். அவள் முகம் மலர்ந்துவிட்டது. மூன்று மாதமாகப் பேசாத பேச்சையெல்லாம் பேச ஆரம்பித்தாள்: பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்காரும் வாண்டு, புதிதாக வந்த வேகத்தடை, மனசாட்சியே இல்லாத மெக்கானிக். கேட்கக் கேட்க அவருக்கும் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் ஜாக்கிரதை போய்விட்டது. விரல் நீளக் காரட் ஒன்றை எடுத்து, முன்பல்லால், நறுக்கென்று கடித்துவிட்டார்.

பின்பக்கம் தூக்கிக்கொண்டது. பசை, பொடி எல்லாம் கைவிட்டுவிட்டன. செட் மொத்தமாக நாக்கின் மேல் வந்து விழுந்தது. அவர் வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணில் தண்ணீர் முட்டியது.

அவள் பேச்சு அப்படியே நின்றது. மலர்ந்த முகம் தொங்கிப் போயிற்று.

"துப்பணும்னா துப்பிடுங்க" என்றாள் மெதுவாக. "இவ்வளவு கஷ்டப்பட்டு என்கூட உக்காந்து சாப்பிடணும்னு ஒண்ணும் இல்ல. இந்த வயசுல ஒரு ஆளை மாத்த முடியாதுன்னு எனக்குத் தெரியாதா? உங்களுக்கு என்னைப் பிடிக்கலன்னு முதல் மாசமே புரிஞ்சுபோச்சு." எழுந்து டப்பாவைத் தேடினாள்.

குளியலறைக்கு ஓடிச் செட்டை மாட்டிக்கொண்டு, இருமல் என்று சொல்லி வந்திருக்கலாம். பத்து வருடமாக அப்படித்தான் தப்பித்தவர். ஆனால் அதற்குள் அவள் போய்விடுவாள். பல்செட்காரர் கையை வாயிலிருந்து எடுத்தார். செட்டை வெளியே எடுத்து, டீ சாஸரில், அவளுக்கு முன்னால் வைத்தார். காரட் துண்டு இன்னும் அதில் குத்திக்கொண்டு நின்றது.

அவர் அடுத்துச் சொன்னதை அப்படியே எழுதினால் உங்களுக்கு ஒரு எழுத்தும் புரியாது. மேல்பல் இல்லாத வாய் அது. திருத்தித் தருகிறேன்.

"பிடிக்கலையா? பிடிக்காமலா மூணு மாசமா இதைக் கழட்டாமத் தூங்கறேன்?"

அவள் சாஸரைப் பார்த்தாள். அவர் வாயைப் பார்த்தாள். மறுபடி சாஸரைப் பார்த்தாள்.

"இந்தக் கோணல் பல்லு?"

"நான்தான் கோணலா வச்சேன்."

"அந்தக் கறை?"

"அதுவும்தான்."

"அடப்பாவி மனுஷா!" என்றாள். உட்கார்ந்துவிட்டாள். கோபமா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. "மூணு மாசமாவா? ராத்திரி பூராவா? எங்க அக்கா அரை நாள் போட்டாலே ஐயோ அம்மான்னு கத்துவா. வாயைத் திறங்க, பாப்போம்."

"வேண்டாம்மா..."

"திறங்கன்னா!"

திறந்தார். ஈறு சிவந்து, இரண்டு இடத்தில் புண்ணாகியிருந்தது. அவள் வெகு நேரம் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. "எனக்காக யாரும் இப்படியெல்லாம் முட்டாள்தனம் பண்ணதில்ல" என்றாள். சொன்னதும் வெட்கம் வந்துவிட்டது. எழுந்து போய் மிச்சக் காரட்டைச் சரசரவென்று துருவினாள். பூவாகத் துருவி, எலுமிச்சை பிழிந்து, ஸ்பூனோடு கொண்டு வந்து வைத்தாள்.

"இதுக்குப் பல்லு வேண்டாம். சாப்பிடுங்க."

அவர் ஒரு ஸ்பூன் வாயில் போட்டு, ஈறால் மென்று, விழுங்கினார். பத்து வருடத்தில் வயிற்றுக்குள் போன முதல் பச்சைக் காரட். அவள் கன்னத்தில் கை வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருக்கு?"

"உண்மையைச் சொல்லட்டுமா?"

"இனிமேயாவது."

"நல்லாவே இல்லம்மா."

அவள் சிரித்த சிரிப்பில் மேஜையே ஆடியது. "அப்ப விடுங்க. ரொட்டியே சாப்பிடுங்க. நீங்க காய் திங்கணும்னு நான் எப்பக் கேட்டேன்? எதிர்ல உக்காந்து சாப்பிடுங்க, அதுபோதும்."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அரக்கப் பரக்க எழுந்தவள், வாசல் வரை போய்த் திரும்பி வந்தாள். அலமாரியிலிருந்து ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்துக் கழுவி, தண்ணீர் பிடித்து, படுக்கையறைக்குள் கொண்டுபோய் அவர் தலைமாட்டில் வைத்தாள்.

"ராத்திரி இதுல போட்டுட்டுப் படுங்க" என்றாள் அங்கிருந்தே. பிறகு தனக்குள் சொல்லிக்கொள்வதுபோல், "நல்லாத் தூங்கி எத்தனை நாளாச்சோ மனுஷனுக்கு" என்றபடி சாவியை எடுத்தாள்.