இருபது ஆம்பியர்

நாற்பது வருடமாகக் கரண்டைத் தொட்டும் கருகாமல் இருக்கிற இந்த வலதுகைமேல் சத்தியம். கீழே எழுதியிருப்பதில் ஒரு சொல் பொய்யானாலும், ஃபியூஸ் பிடுங்கிய லைனிலேயே எனக்கு ஷாக் அடிக்கட்டும்.

கல்வராயன் மலையில், வெள்ளையன் வீட்டில், பகல் பதினொன்றரை மணிக்கு நான் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தேன். சுவரில் நான் விற்ற சார்ஜ் கன்ட்ரோலர். கூரைமேல் இருக்கும் சோலார் பேனலின் கரண்டை அளந்து பேட்டரிக்குள் விடுகிற, டிபன் பாக்ஸ் அளவுப் பெட்டி. பேட்டரியை நம்பிப் பக்கத்து அறையில் குஞ்சு பொரிக்கும் மெஷின். அதற்குள் வெள்ளையன் மகள் வளர்மதி ஊர் ஊராக நடந்து சேர்த்த இருநூற்று நாற்பது நாட்டுக்கோழி முட்டை. அன்று பத்தொன்பதாம் நாள். இன்னும் இரண்டு நாள் சூடு நிலைத்தால் குஞ்சு, விட்டுப்போனால் கூமுட்டை. மலையில் காற்றடித்தால் லைன் கரண்ட் மூன்று நாள் வராது என்றுதான் அவள் சோலாருக்கு வந்திருந்தாள்.

நான்கு நாளாக மழை. பேட்டரி வற்றி, மெஷின் ‘கீ கீ’ என்று கத்திக்கொண்டிருந்தது. அப்போதுதான் மேகம் கிழிந்து வெயில் விழுந்தது. கன்ட்ரோலரின் சின்னத் திரையில் ஆம்பியர் எண் ஏறியது. பதினேழு. பத்தொன்பது.

இந்த எண்ணைப் பற்றி ஒரு மாதம் முன்பு கள்ளக்குறிச்சியில் என் கடையிலேயே தகராறு நடந்தது.

“தாத்தா, பேனலு பின்னால ஆறு ஆம்பியர்னு போட்டுக்குது. நாலு பேனலு. இருவத்தினாலு வருது. நீ இன்னா இருவது தாங்கற பொட்டி குடுக்கற?” என்றாள் வளர்மதி.

“எழுதினதெல்லாம் வராதும்மா. முப்பது பேனலு மாட்டியிருக்கேன். நாலரைக்கு மேல ஒண்ணும் ஏறினதில்ல.”

வெள்ளையன் துண்டை உதறினார். “நாங்க வெத சாமை அளந்தா நாலு படிக்கு ஒரு படி மேல போடுவோம் மெக்கானிக்கு. குருவி திங்கும், மழ அடிச்சிக்கினு போவும். இருவத்தினாலுன்னா, முப்பதா குடுங்க.”

“இது கரண்டு, சாமை இல்ல,” என்றேன். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

நான் சொன்னது பொய்யில்லை. கீழ்நாட்டு வெக்கையிலும் கரும்பு லாரித் தூசியிலும் பேனல் அரைத் தூக்கத்தில்தான் வேலை செய்யும். மலைமேல் காற்று குளிர்ந்திருக்கும், கண்ணாடியை மழை கழுவியிருக்கும், மேகத்தின் ஓரத்தில் வெயில் இரண்டு பங்காகத் தெறிக்கும் என்பதையெல்லாம் நான் கணக்கில் வைக்கவில்லை.

இருபத்தொன்று. பெட்டியைத் தொட்டுப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டேன். பிளாஸ்டிக் வாடை.

“தாத்தா, ரெண்டு பேனல கழட்டி வுட்றேன்,” வளர்மதி ஏணியில் கால் வைத்துவிட்டாள்.

“எறங்கு. பேட்டரி பட்டினி கெடக்குது. வர்ற வெயில வேணாம்னு சொல்லுவியா? தாங்கும்.”

“தாங்கலன்னா?”

“நான் மாட்டினது.”

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் என்னைப் பார்த்தார். அவள் இறங்கினாள்.

இருபத்திமூன்று. இருபத்தைந்து. ‘டப்’ என்று ஒரு சத்தம், ஊதுவத்தி போல ஒரு கோடு புகை, திரை இருண்டது. பக்கத்து அறையில் மெஷினின் கத்தல் இழுத்து இழுத்து நின்றது. பேனல் கம்பியை நேரே பேட்டரியில் கொடுத்தேன். இரண்டு முறை நழுவியது. மூன்றாம் முறை சரியாகப் பிடித்தபோது மேகம் மூடிக்கொண்டது.

இனிமேல் நடந்ததைத்தான் யாரும் நம்புவதில்லை.

கருகிய கன்ட்ரோலர் ஆறவில்லை. கம்பியெல்லாம் பிடுங்கிய பிறகும் சூடு ஏறிக்கொண்டே போனது. சுவரிலிருந்த பல்லி குடும்பத்தோடு அடுத்த வீட்டுக்குக் குடிபோனது. வெள்ளையன் அதன்மேல் சொம்பை வைத்து டீ போட்டார், சர்க்கரைதான் கம்மி. நான் சமயோசிதமாக அதைக் கழற்றி மெஷினுக்குள் முட்டைகளின் நடுவே வைத்துக் கதவைச் சாத்தினேன். முப்பத்தேழரை டிகிரி. ஒரு புள்ளி கூடவில்லை, குறையவில்லை. இருபத்தோராம் நாள் விடிந்ததும் இருநூற்று நாற்பதும் ஓட்டை உடைத்துக்கொண்டு வரிசையாக வெளியே வந்தன. ஒன்றுகூடக் கூமுட்டை இல்லை. வெள்ளையன் எனக்கு மாலை போட்டார். முதலில் வந்த குஞ்சு மட்டும் என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

“இன்னா தாத்தா, தாங்கிச்சே!” என்று வளர்மதி சிரித்தாள். அந்தச் சிரிப்பை இந்தக் கதையை எத்தனை முறை சொன்னாலும் நான் விடுவதில்லை.

இருபத்தோராம் நாள் காலை, தூறலில், சாமைக்கொல்லை ஓரத்தில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டினேன். வளர்மதி முட்டைகளைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து அதில் கொட்டினாள்.