'மேல போகல' எந்தக் காலம்?

1

மார்ச் 14, வியாழன். மாலை வகுப்பில் இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். இந்தக் கதை அதிலிருந்துதான் வந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து, 'இவளுக்குக் கற்பனையே கிடையாது' என்று சொல்லக் கூடாது.

வீட்டில் உள்ள ஒருவரைப் பற்றி, ஏதோ ஒன்று நடக்கவில்லை என்று ஒரு ஆங்கில வாக்கியம் எழுதச் சொன்னார் டீச்சர். நான் எழுதியது: 'மை பிரதர் டிட் நாட் கம் ஹோம்.'

"எப்ப வரல?" என்று கேட்டார்.

"மிஸ்?"

"டிட் நாட் போட்டா எப்பன்னு ஒரு பதில் இருக்கணும். நேத்து வரல, போன வாரம் வரல. அந்த நேரம் முடிஞ்சுபோச்சு. உங்க அண்ணன் எப்ப வரல?"

அண்ணன் போன நாள் எனக்குத் தெரியும். வராத நாள் எது என்று எப்படிச் சொல்வது?

"சொல்ல முடியலன்னா ஹேஸ் நாட் போடு. இந்த நிமிஷம் வரைக்கும் வரல. இனிமே வரலாம்."

அடித்துவிட்டு 'ஹேஸ் நாட் கேம்' என்று எழுதினேன். அதுவும் தப்பு. ஹேஸ் வந்தால் வினைச்சொல்லின் மூன்றாவது வடிவம்தான் வர வேண்டும். கம், கேம், கம். எங்கேயோ போய்விட்டு வந்து, ஒன்றுமே நடக்காததுபோல முதல் வடிவத்தின் முகத்தோடு நிற்கிற சொல்.

பின்வரிசையில் இருந்த நர்ஸ் அக்கா கையைத் தூக்கினார். "மிஸ், செத்துப்போனவங்களுக்கும் ஹேஸ் நாட் போடலாமா?"

"கூடாது. அது உயிரோட இருக்கறவங்களுக்கு. செத்தவங்களுக்கு டிட் நாட்தான்."

"அப்ப எங்க வார்டுல நாடி பார்த்துட்டுத்தான் கிராமர் எழுதணும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

2

தொடக்கங்கள்.

அ) 'அண்ணன் லிப்ட் மெக்கானிக். ஒரு நாள் காலை டூல்ஸ் பையோடு கிளம்பியவன் வேலை செய்ய வேண்டிய இடத்துக்கும் போகாமல், வீட்டுக்கும்—' (விட்டுவிட்டேன். 'காணவில்லை' விளம்பரம் மாதிரி இருக்கிறது. அதையும் நான்தான் எழுதிக் கொடுத்தேன். அதே நடை வந்துவிடுகிறது.)

ஆ) 'எங்கள் கட்டடத்தில் லிப்ட் ஓடவில்லை.' (அண்ணன் இருந்தவரை ஓடியது. அவன் போன பிறகு ஒரு நாள் நின்றது. ஓனர் வேறு யாரையும் கூப்பிடவில்லை. நாங்கள் இருப்பது நாலாவது மாடி. உண்மைதான், ஆனால் இதில் ஆளே இல்லை.)

இ) அண்ணியிடமிருந்து தொடங்கலாம். அண்ணியைக் கூட்டிக்கொண்டு போக அவருடைய அண்ணன் சனிக்கிழமை மத்தியானம் வருகிறார். "காத்திருந்தது போதும், வந்துடு" என்று போனில் சொல்லிவிட்டார். அண்ணி சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவர் போனால், கண்ணாடிக் கடையில் லென்ஸ் துடைக்கிற என் சம்பளத்தில் இந்த வீட்டை வைத்திருக்க முடியாது. காலி செய்ய வேண்டும். பிறகு அண்ணன் வந்து தட்டினால் யாரோ திறப்பார்கள்.

'இ'யை வைத்துக்கொள்கிறேன்.

3

இனி வரும் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. ஆனால் அவர் இல்லாமல் கதை நகராது.

வகுப்பு முடிந்து நான் வீட்டுக்கு வந்த கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கேன்காரர் வந்தார். புது ஆள். எங்கள் குடும்பக் கதை எதுவும் தெரியாதவர். கேனை இறக்கிவைத்துவிட்டுக் கதவில் சாய்ந்தார்.

"நாலு மாடிம்மா. உசிரு போவுது. சார் கீழயேதான நிக்கறார், ஒரு கை பிடிக்கலாம்ல?"

"எந்த சார்?" என்றார் அண்ணி.

"உங்க வீட்டு சார்தான். நாலாவது மாடிக்கான்னு கேட்டார். ஆமா, நீங்களும் வாங்களேன்னேன். 'நான் மேல போகல'ன்னார்."

"அங்க என்ன பண்ணிட்டிருந்தார்?"

"லிப்டு கதவுல காதை வெச்சுக் கேட்டுட்டிருந்தார். ஓடாத லிப்டுல என்னம்மா கேக்கும்?"

அண்ணன் எந்த லிப்டையும் முதலில் காதால்தான் பார்ப்பான். இதைக் கேன்காரருக்கு யாரும் சொல்லியிருக்க முடியாது.*

நான் ஓடினேன். கீழே யாரும் இல்லை. மீட்டர் பெட்டிகள், ஒரு சைக்கிள், மூடிய லிப்ட் கதவு. அந்தக் கதவில் நானும் காதை வைத்தேன். கேட்டதை இங்கே எழுதவில்லை. (எந்த 'இல்லை' என்று டீச்சர் கேட்டால்: ஹேவ் நாட் ரிட்டன்.)

மேலே வந்தபோது கேன்காரர் போயிருந்தார். அவர் என்னைத் தாண்டித்தான் இறங்கியிருக்க வேண்டும். தாண்டியதாக எனக்கு ஞாபகமில்லை.

அண்ணி கேன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"துரைசாணியம்மா, இங்க வா. அவர் சொன்னதை இங்கிலீஷ்ல சொல்லு."

"எதுக்கு அண்ணி?"

"நம்ம பேச்சுல எல்லாத்துக்கும் ஒரே போகலதான். இங்கிலீஷ்ல ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா இருக்குன்னு நீதான பீத்திக்கிட்ட? எனக்கு எந்தப் போகலன்னு தெரியணும். சனிக்கிழமை எங்கண்ணன் வந்து நிப்பான்."

* சொல்லியிருக்கலாம். வாட்ச்மேனுக்குத் தெரியும். நியாயமாக இருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

4

ஆகவே மூன்று முடிவுகள்.

டிட் நாட் கோ. எப்போதோ ஒருமுறை, மேலே போகவில்லை. வேறெங்கோ போய்விட்டான். அது முடிந்த காலம். நர்ஸ் அக்கா யாரைப் பற்றிக் கேட்டாரோ அவர்களுக்குரிய வாக்கியம். சனிக்கிழமை அண்ணி அவர் அண்ணனோடு போவார். போவதுதான் சரி.

ஐ ஆம் நாட் கோயிங். போக மாட்டேன். உயிரோடு இருக்கிறான், படிக்கட்டு தெரிகிறது, வர மனமில்லை. இதுதான் என்று அடித்துச் சொல்கிற தைரியம் எனக்கு இல்லை. சொன்னால் அண்ணி போவது மட்டுமில்லை, போன பிறகு எப்படி—

ஹேவ் நாட் கான். இந்த நிமிஷம் வரை போகவில்லை. அதாவது இனிமேல்தான். அண்ணி இருந்தாக வேண்டும்.

மூன்றாவதை எழுதத்தான் எனக்கு ஆசை. ஆனால் ஆசைக்கு வாக்கியம் எழுதக் கூடாது என்று மார்ஜினில் குறித்துவைத்தேன். அதோடு, மூன்றாவது சரி என்றால், போன நாளிலிருந்து அவன் சாப்பிடாமல் கொள்ளாமல் கீழே நின்றுகொண்டிருக்கிறான். அப்படி நிற்கக்கூடியது என்ன என்று யோசித்தேன். யோசித்ததை அடித்துவிட்டேன்.

"என்னடி, மூணையும் சொல்லிட்டு முழிக்கற?"

"எதுன்னு தெரியல அண்ணி."

"இவ்வளவு பீஸ் கட்டிப் படிச்சும் தெரியலயா?"

சிரிக்கத்தான் சொன்னார். இரண்டு பேருமே சிரிக்கவில்லை.

5

மார்ச் 15, வெள்ளி. காலையில் வேலைக்குக் கிளம்பிக் கதவைத் திறந்தேன். லிப்ட் எங்கள் மாடியில், கதவு திறந்து, உள்ளே விளக்கு எரிய நின்றுகொண்டிருந்தது.

படியில் இறங்கினேன். வாட்ச்மேனிடம் கேட்டேன்.

"லிப்டை யார் சரி பண்ணது?"

"யாரும் வரலம்மா."

"எப்ப வரல?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எப்பவுமேதாம்மா. நேத்தும் வரல, இன்னிக்கும் வரல. யாருமே வரல. மழையில ஒயர் எங்கயாச்சும் தானா ஒட்டிக்கிச்சோ என்னவோ."

மழை பெய்திருந்தது. அப்படியும் இருக்கலாம். இந்த வரியை நீங்கள் பிடித்துக்கொண்டு போனால் நான் தடுக்க மாட்டேன்.

மாலையில் நான் திரும்பியபோதும் லிப்ட் மேலேயே திறந்திருந்தது. கீழேயிருந்து பட்டனை அழுத்தியும் இறங்கவில்லையாம். அண்ணி அதன் முன்னால், கதவு விளிம்பைத் தொடாமல் நின்றிருந்தார். தலையை வாரி, வெளியே போகிற புடவை கட்டியிருந்தார்.

"இதுல ஏறி ஒருவாட்டி கீழ போய்ப் பார்த்துட்டு வந்துடட்டா?"

"வேணாம் அண்ணி."

"பயமா இருக்கா?"

"ஆமா."

"எனக்கும்தான். அதனாலதான் நாள் பூரா இங்கயே நிக்கறேன். நீ எதுன்னு சொல்லு. சொல்ற வரைக்கும் ஏற மாட்டேன். எங்கண்ணன்கூடவும் கிளம்ப மாட்டேன்."

வாசகரே, இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள். மூன்றில் ஒன்றை எடுத்து அவரிடம் நீங்களே சொல்லிவிடலாம், கேட்டுக்கொள்வார். நான் சொல்ல மாட்டேன். ஒரு வார்த்தை எனக்குக் குறைகிறது. கேன்காரர் சொன்னது அவ்வளவுதானா, அல்லது 'நான் இன்னும் மேல போகல' என்பதில் ஒரு சொல்லை மூச்சிரைப்பில் விழுங்கிவிட்டாரா?

நாளை, சனி: கடைக்கு லீவு சொல்ல வேண்டும். காலையில் மற்ற வீடுகளுக்குக் கேன் வரும்போது, அண்ணியின் அண்ணன் வருவதற்கு முன்னால், கீழே நின்று கேன்காரரிடம் 'இன்னும்' இருந்ததா என்று கேட்க வேண்டும். படியில் இறங்க வேண்டும்.