கத்துகிற பிரேக்

ஒருத்தி ஒன்றரை மணி நேரமாக சக்கரத்தில் மாட்டும் மூன்று இரும்பு பிரேக் தட்டுகளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தால், எந்த சைக்கிள் கடைக்காரருக்கும் பொறுமை போய்விடும். ஆனால் இந்தக் கடைக்காரருக்குத் தவளையைத் தெரியும். பின் சக்கரத்தில் நின்றபடி பாறை, மேஜை, மரப்பெட்டி என்று கண்டதன் மேலெல்லாம் சைக்கிளோடு குதித்து ஏறுகிறவள் என்பதால் தெருவே சேர்ந்து வைத்த பெயர் அது. கட்டிக்கொண்டவன்கூட அப்படித்தான் கூப்பிடுகிறான். அவளும் கூச்சமில்லாமல் திரும்பிப் பார்க்கிறாள்.

"எந்த டிஸ்க் போட்டா என்னம்மா? மூணும் வண்டிய நிறுத்தும்," என்றார் கடைக்காரர்.

"நிறுத்தினா பத்தாதுங்க. நின்ன இடத்துலேர்ந்து ஒரு விரல் அகலம்கூட அசையக் கூடாது. சக்கரத்துக்குப் பக்கத்துல எங்க நாத்தனார் படுத்திருப்பாங்க."

கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஆறு வருஷம் பொறுத்தது போதும்னு முடிவு பண்ணிட்டியா?"

"சும்மா இருங்க. அவங்களாத்தான் படுக்கறேன்னு சொன்னாங்க."

அதுதான் தவளைக்கு இன்னும் நம்ப முடியாத விஷயம். நாத்தனார் அவள் கணவனின் அக்கா. துணி ஆலையில் இருநூறு தையல் மெஷின்களைப் பழுது பார்க்கிறவர். ஒரே வீட்டில் இருந்தும் இருவருக்கும் நடுவே ஆறு வருடமாக வெறும் மரியாதைதான் நடந்துகொண்டிருந்தது. தவளையின் குதிப்பைக் "குரங்கு வித்தை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டவர் அவர். அப்படிப்பட்டவர் ஆலையின் ஆண்டு விழாவுக்குத் தானாகவே, "என் தம்பி பொண்டாட்டி செய்வா," என்று பெயர் கொடுத்துவிட்டு வந்தார். தரையில் ஒரு ஆள் படுக்க, கைக்கும் விலாவுக்கும் நடுவில் பின் சக்கரம் வந்து இறங்கி அப்படியே நிற்க வேண்டும். இந்தப் பக்கம் ஒரு சாண், அந்தப் பக்கம் ஒரு சாண். யார் படுப்பது என்று மேலாளர் கேட்டதும் ஆலையே தரையைப் பார்த்தது. "நானே படுக்கறேன்," என்றாராம் நாத்தனார்.

அதைக் கேட்ட அன்று தவளை குளியலறைக்குள் போய்க் கொஞ்சம் அழுதாள். சந்தோஷம் பாதி, பயம் பாதி. பழைய டிஸ்க் தேய்ந்துபோய் அவ்வப்போது நழுவிக்கொண்டிருந்தது. வேடிக்கை பார்க்கிறவர்கள் முன்னால் தான் விழுந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். நாத்தனாரின் விலாவில் சக்கரம் ஏறினால் எந்த முகத்தோடு அந்த வீட்டில் சாப்பிட உட்காருவது?

கடைக்காரர் முதல் டிஸ்க்கை நீட்டினார். உடம்பெல்லாம் ஓட்டை, பார்க்க நகை மாதிரி. இறகு போல எடை. இரண்டாவதன் விளிம்பு அலை அலையாக வளைந்திருந்தது. மூன்றாவது தடியாக, ஓட்டைகள் குறைவாக, அழகென்று சொல்ல ஒன்றுமில்லாமல் இருந்தது.

"ஓட்டை எல்லாம் சூடு போறதுக்கு. மலையிலேர்ந்து இறங்கறவங்களுக்கு அது வேணும். நீ நின்ன இடத்துலயே குதிக்கறவ, உனக்கு எங்க சூடாகப் போவுது? இரும்பு நெறைய இருந்தா பிடிக்க நெறைய இடம். ஆனா ஒண்ணு, இந்தத் தடியன் கத்துவான்."

"எவ்வளவு கத்துவான்?"

"தெருவே திரும்பும்."

தவளை தடியனை எடுத்தாள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பது அவள் வேலை. அதனால் லென்ஸைப் பிடிப்பது போலவே விளிம்பில் மட்டும் விரல் படப் பிடித்தாள். விரல் பிசுக்குப் பட்டால்கூடப் பிரேக் கட்டை வழுக்கும் என்று அவளுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பூட்டினாள். கொல்லையில் நான்கு தடவை குதித்தாள். பிரேக் பிடித்த பிடியில் சைக்கிள் ஆணி அடித்தாற்போல் நின்றது. சத்தமோ, சொல்லி மாளாது. பக்கத்து வீட்டு ஜன்னல்கள் வரிசையாகச் சாத்திக்கொண்டன. நாத்தனார் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தார். தவளை அன்று நிம்மதியாகத் தூங்கினாள்.

விழா நாள் காலை. பத்து மணிக்கு நிகழ்ச்சி. ஏழு மணிக்கு ஒரு கடைசி ஒத்திகைக்காகத் தலையணைக்கு நாத்தனாரின் பழைய சட்டை ஒன்றை மாட்டித் தரையில் கிடத்தினாள் தவளை. பெட்டிமேல் ஏறினாள், குதித்தாள், பிரேக்கை இறுக்கினாள். ஒரு சத்தமும் இல்லை. சைக்கிள் வழுக்கிக்கொண்டு போய்த் தலையணையின் நெஞ்சில் ஏறி நின்றது.

தவளை பேயறைந்தவள் மாதிரி நின்றாள். குனிந்து பார்த்தால், டிஸ்க் பளபளவென்று மின்னுகிறது. விரலால் தொட்டாள். எண்ணெய்.

பல் துலக்கிக்கொண்டே கொல்லைக்கு வந்தார் நாத்தனார். "பாத்தியா, இப்ப சத்தமே இல்ல! நேத்து சாயங்காலம் ரெண்டு சொட்டு விட்டேன். நல்ல எண்ணெய்தான், மெஷினுக்குப் போடறது. பாவம், அவ்வளவு கத்துச்சே அது."

"அண்ணி, அது பிரேக்கு!"

"தெரியுமே. அதனாலதான் ரெண்டே சொட்டு."

தவளை ஆத்திரத்தோடு தலையணையைச் சுட்டிக் காட்டினாள். சட்டையின் நெஞ்சில் டயர் தடம் கறுப்பாகப் பதிந்திருந்தது. நாத்தனார் பல் துலக்குவதை நிறுத்தினார். தன் சட்டையைப் பார்த்தார். தன் நெஞ்சைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"என் தலையில நானே எண்ணெய் ஊத்திக்கிட்டேனா?" என்றார் மெதுவாக.

முதலில் சிரித்தது யார் என்று இருவருக்கும் பிறகு நினைவில்லை. கொல்லையில் உட்கார்ந்து மூச்சு முட்டச் சிரித்தார்கள். ஆறு வருடத்தில் அவர்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரித்து முடித்ததும் தவளைக்குப் பயம் திரும்ப வந்தது.

"வேணாம் அண்ணி. நிறுத்திடலாம். இல்லன்னா பழைய டிஸ்க்கையே மாட்டறேன், நீங்க படுக்க வேணாம், தலையணைய வெச்சுக்கலாம்."

"பழசு நழுவும்னுதானே புதுசு வாங்கின? தள்ளு." நாத்தனார் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து சக்கரத்தின் முன் குந்தினார். "இரும்பு எண்ணெயக் குடிக்காதும்மா. துணிதான் குடிக்கும். இதுல குடிக்கறது எது?"

தவளை யோசித்தாள். "பிரேக் கட்டைங்கதான். வேற ஜோடி இருக்கு என்கிட்ட."

"அப்ப அதத் தூக்கிப் போடு. தட்ட நான் பாத்துக்கறேன். எண்ணெய் விட்டவளுக்கு எடுக்கவும் தெரியும்."

தவளை லென்ஸ் துடைக்கும் ஸ்பிரிட்டைக் கொண்டுவந்தாள். நாத்தனார் டிஸ்க்கைக் கழற்றி, ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் துணியை முறுக்கி விட்டு இழுத்தார். தவளை அதை வெளிச்சத்தில் பிடித்து, "இங்க இன்னும் இருக்கு," என்றாள். மறுபடி துடைத்தார். ஐந்து துணிகள் போயின. ஐந்தாவது வெள்ளையாகவே வந்தது. புதுக் கட்டைகளை மாட்டி, அவை பழகுவதற்காகத் தவளை தெருவில் ஓட்டி ஓட்டி நிறுத்தினாள். நாத்தனார் வாசலில் நின்று எண்ணினார். இருபத்திரண்டாவது தடவை பிரேக் வாய்விட்டு அலறியது. பக்கத்து வீட்டு ஜன்னல் ஒன்று படாரென்று சாத்திக்கொண்டது.

"ஆ, கத்திடுச்சு, கத்திடுச்சு!" என்று கை தட்டினார் நாத்தனார்.

ஆலை முற்றத்தில் ஐந்நூறு பேர் இருந்தார்கள். நாத்தனார் சீருடையோடு கையை விரித்துப் படுத்தார். பெட்டியின் மேல் பின் சக்கரத்தில் நின்ற தவளைக்கு உலகத்தில் அந்த இரண்டு சாண் மட்டும்தான் தெரிந்தது. குதித்தாள். முற்றமே காதைப் பொத்திக்கொள்ளும்படி பிரேக் கத்தியது. சக்கரம் கைக்கும் விலாவுக்கும் நடுவில் இறங்கி நின்றது. அவள் மூன்று எண்ணும் வரை அசையாமல் நின்றுவிட்டு வெளியே குதித்தாள். கைதட்டல் ஓயவே இல்லை.

நாத்தனார் மட்டும் எழுந்திருக்கவில்லை. தவளை சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினாள்.

"அடி பட்டுடுச்சா அண்ணி?"

"இல்ல. காலு ரெண்டும் நடுங்குது. கொஞ்ச நேரம் இப்படியே கெடக்கறேன். எல்லாரும் பாக்கறாங்க, சும்மா பேசிக்கிட்டிரு."

"இவ்வளவு பயம் இருந்தும் எதுக்குப் படுத்தீங்க?"

நாத்தனார் வானத்தைப் பார்த்தபடியே சொன்னார்: "வேற யாராவது படுத்து, அவங்களுக்கு ஒண்ணு ஆயிருந்தா நீ சைக்கிளையே தொட மாட்ட. எனக்கு ஆயிருந்தா, நான் நாலு திட்டு திட்டுவேன், நீயும் திருப்பித் திட்டுவ, அடுத்த வாரம் மறுபடி குதிக்கப் போயிடுவ. அதான்."

தவளையும் ஐந்நூறு பேர் முன்னால் நாத்தனாரின் பக்கத்தில் தரையிலேயே படுத்துக்கொண்டாள்.