ஞானரட்ணம் சேர் வாங்கிய சத்தம்

ஞானரட்ணம் சேர் முப்பத்தோரு வருஷம் கணிதம் படிப்பித்தவர். அந்த முப்பத்தோரு வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் பிந்தி வந்ததில்லை. மஸ்கெலியாவில் இது தெரியாத ஆள் யாராவது இருந்தால், அந்த ஆளை சேர் இன்னும் சந்திக்கவில்லை என்றுதான் அர்த்தம். ஓய்வு பெற்றதும் கைக்கு வந்த காசைப் போட்டு ஒரு பழைய டொல்பின் வேனை வாங்கி, தோட்டத்துப் பிள்ளைகளை டவுன் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்கத் தொடங்கினார். மேல்கணக்குப் பிரிவின் தொழிலாளர் லயங்களுக்குக் கீழே இருக்கும் வளைவில் காலை ஆறு பத்துக்கு வேன் நிற்கும். ஆறு பத்து என்றால் ஆறு பத்துதான். ஆறு பதினொன்றுக்கு ஓடிவருகிற பிள்ளைக்கு வேனின் பின் லைட்டைப் பார்க்கும் பாக்கியம்கூடக் கிடைக்காது. அந்த மலையில் அந்த நேரத்தில் அப்படி ஒரு பனிமூட்டம்.

சேருக்கு அந்த வளைவு என்றால் தனிப் பெருமை. மழையோ பனியோ, அவர் போய்ச் சேரும்போது பிள்ளைகள் வரிசையாக நின்றுகொண்டிருப்பார்கள். "பாத்தியா ஒழுக்கத்த?" என்று மனைவி பெற்றீசியாவிடம் தினமும் சொல்வார். வேனில் கதவு திறந்து சின்னதுகளைத் தூக்கி ஏற்றும் வேலை பெற்றீசியாவுக்கு. அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். சொல்ல ஆரம்பித்த வாக்கியத்தைச் சேர் முடித்து வைப்பது அந்த வீட்டில் இருபத்தெட்டு வருஷ வழக்கம்.

பதினெட்டுப் பிள்ளைகளோடு வண்டி நன்றாகத்தான் ஓடியது. பிறகு இன்னொரு வேனோடு ஜீவராஜ் வந்தான். வயது இருபத்தாறு. அவன் வேனின் பின்கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்ட இனி இடமில்லை. பின்சீட்டுக்குப் பின்னால், தாழ்ந்த அடிச்சத்தத்துக்கென்றே செய்த ஸ்பீக்கர், ஒரு சப்வூபர். அது அடிக்கிற அடியில் அவன் வருவதற்கு முன்னால் அவன் சத்தம் வந்துவிடும். நேரம் காலம் என்று ஒன்றும் கிடையாது, ஒரு நாள் ஆறேகாலுக்கு வருவான், இன்னொரு நாள் ஆறரைக்கு வருவான். அப்படிப்பட்டவனுடைய வண்டிக்கு, ஆறு மாதத்துக்குள் சேருடைய பதினொரு பிள்ளைகள் மாறிப் போய்விட்டார்கள்.

மிச்சம் ஏழு. இந்த ஏழும் போனால் வேனை விற்க வேண்டும். வேனை விற்றால் சேர் நாள் முழுக்க வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதை நினைத்து அவர் பயந்தார். அவரைவிட அதிகமாகப் பெற்றீசியா பயந்தாள்.

"அதுகளோட தாய்மார்கிட்ட ஒரு வார்த்த கேட்டுப் பாருங்களேன்," என்றாள்.

"விட தெரிஞ்ச கணக்குக்கு எதுக்குக் கேள்வி? சின்னப் பிள்ளைங்க. பாட்டுக்கு மயங்குதுங்க. நாமளும் ஒரு பெட்டி வைப்போம். ஆனா தரமான பெட்டியா வைப்போம்."

அடுத்த சனிக்கிழமை ஹட்டனுக்குப் போனார்கள். அங்கே பைஸர் ஓடியோ என்று ஒரு கடை. பைஸர் கட்டாரில் இருக்கிறான். கடையை நடத்துவதும், வேனுக்கடியில் படுத்து வயர் இழுப்பதும் அவன் தங்கச்சி அஃப்னா. ஸ்க்ரூடிரைவரைக் காதுக்கு மேல் சொருகிக்கொண்டு வெளியே வந்த அந்தப் பிள்ளையைப் பார்த்ததும் சேர், "வீட்டுல பெரியவங்க யாரும் இல்லயா மகள்?" என்று கேட்டார்.

"நான்தான் சேர் பெரியவ. என்ன வேணும்?"

சேர் கொப்பியைத் திறந்தார். வீட்டிலேயே கோடு போட்டு வந்திருந்தார். அலமாரியில் இருந்ததிலேயே பெரிய எண் அச்சடித்த அட்டைப்பெட்டியைக் காட்டி, "மூவாயிரம் வாட்ஸ். இது போதும்தானே?" என்றார்.

"அந்த மூவாயிரம் அட்டைப்பெட்டிக்கு சேர். உள்ள ஈக்கிற சாமானுக்கு இல்ல. ஒரு நொடிக்குத் தாங்கும்னு அவனுகளா போட்டுக்கிற கணக்கு அது. ஆர்எம்எஸ்னு ஒண்டு சின்ன எழுத்துல போட்டீக்கும், அதப் பாருங்க. நாள் முழுக்க அடிச்சாலும் தாங்குறது அதுதான்."

சேர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தேடினார். சின்ன எழுத்தில் இருநூற்றைம்பது என்று இருந்தது. மூவாயிரம் இருநூற்றைம்பதாகச் சுருங்கியதைப் பார்த்து அவருக்கு உள்ளூரச் சந்தோஷம். உலகம் பொய்க் கணக்குப் போடுகிறது என்று முப்பத்தோரு வருஷமாக அவர் சொல்லி வந்ததற்கு அச்சடித்த சாட்சி அல்லவா!

அதற்குப் பிறகு கடையில் நடந்தது வியாபாரம் இல்லை, வகுப்பு. சப்வூபருக்குள் இரண்டு சுருள் இருக்கிறது, ஒவ்வொன்றும் நாலு ஓம் என்றாள் அஃப்னா. "சமாந்தரமா இணைச்சா ரெண்டு ஓம்!" என்று சேர் துள்ளினார். "தொடரா இணைச்சா எட்டு!" சப்புக்குச் சக்தி கொடுக்கும் ஆம்ப்ளிபயர் இரண்டு ஓமில் எத்தனை வாட்ஸ் தரும், எட்டில் எத்தனை தரும் என்று அவள் புத்தகத்தைக் காட்டினாள். சப் கேட்கிற அளவும் ஆம்ப் கொடுக்கிற அளவும் ஒன்றோடொன்று பொருந்தினால்தான் இரண்டும் உயிரோடு இருக்கும் என்றாள். சேர் கொப்பியில் இரண்டு பக்கம் நிரப்பினார். பெற்றீசியா பக்கத்துக் கடைக்குப் போய் இரண்டாவது பிளேன்டீயும் குடித்துவிட்டு வந்தாள்.

"சேர், யாருக்குக் கேக்கோணும்?" என்றாள் அஃப்னா கடைசியில்.

"பிள்ளைங்களுக்கு."

"எங்க நின்னு கேக்கோணும்?"

"வேனுக்குள்ள இருந்துதான். வேற எங்க, ஆகாயத்துல இருந்தா?"

அவள் சாமான்களை எடுத்து வைத்தாள். பத்து அங்குல சப், காற்றுப் போகாமல் மூடிய பெட்டி, அதற்கு அளவான ஆம்ப். வேனில் பூட்டி முடித்ததும் சேர் உள்ளே ஏறி, கதவையெல்லாம் சாத்தி, பென் டிரைவில் கொண்டுவந்த வேதக் கோயில் கீதங்களைப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். ஒவ்வொரு தாழ்ந்த சுரமும் நெஞ்சுக்குழியில் வந்து அமைதியாக உட்கார்ந்தது. அவர் கண் கலங்கிவிட்டது. இறங்கியதும், "வெளிய எப்புடி?" என்று கேட்டார்.

"வெளிய ஒண்ணுமே கேக்கலியே," என்றாள் பெற்றீசியா.

"அதுதான் தரம்," என்றார் சேர்.

இரண்டு வாரம் கழிந்தது. வேனுக்குள் பிள்ளைகள் தலையாட்டிக்கொண்டு வந்தார்கள். ஒருவன் கீதத்துக்கு டான்ஸ்கூட ஆடினான், சேர் கண்டும் காணாதது மாதிரி இருந்தார். மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை, நாலு பிள்ளைகளின் கையில் நாலு துண்டுக் கடிதம். மாத முடிவோடு நிறுத்திக்கொள்வதாக எழுதியிருந்தது. ஒன்று தனுஷிகாவின் கையெழுத்து. சேரிடம் பத்தாம் ஆண்டு வரை படித்தவள் அவள். அவள் எழுதும் ஏழாம் இலக்கத்தை அவருக்கு இன்னும் அடையாளம் தெரியும்.

சேருக்குப் பற்றி எரிந்தது. அன்று பின்னேரமே வேனை வளைவில் நிறுத்திவிட்டு மேல்கணக்குக்குப் படியேறினார். நூற்றுப் பதினாறு படி. பெற்றீசியா பின்னாலேயே ஏறினாள், விட்டால் இவர் என்ன பேசிவைப்பாரோ என்று. தனுஷிகா கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். சேரைக் கண்டதும் பதறிப்போய்க் கதிரையைத் துடைத்துப் போட்டாள்.

"பெட்டி வச்சாச்சு. பாட்டும் போடுறேன். இன்னும் என்னதான் கொற?"

தனுஷிகா பெற்றீசியாவைப் பார்த்தாள். "சொல்லு புள்ள," என்றாள் பெற்றீசியா.

"கொற இல்லீங்க சேர். ஒங்க வேன் வர்றது எங்களுக்குத் தெரியமாட்டேங்குது."

"ஆறு பத்துக்கு வருது. வீட்டுல கடிகாரம் இல்லயா?"

"இருக்குங்க சேர். ஆறு பத்துன்னா நீங்க ஆறு பத்துக்குப் போயிருவீங்க. ஒரு நிமிசம் தப்புனாலும் போச்சு. அதனால அஞ்சே முக்காலுக்கே பிள்ளைகள எறக்கிட்டுப் போயி மழையில நிப்பாட்டிருவோம். ஜீவா தம்பி வேன் ரெண்டு வளைவுக்கு அங்கிட்டு வர்றப்பவே லயத்துத் தகரம் அதிரும். அதுக்கப்புறந்தான் நாங்க சப்பாத்தே மாட்டி விடுவோம். பிள்ள நனையாமப் போகுது, நாங்களும் வேலைக்குப் பேர் குடுக்குற பெரட்டுக்கு நேரத்தோட போயிருவோம்."

"நான் ஹோர்ன் அடிக்கிறேனே!"

"லொறி, பஸ், திரீவீல் எல்லாந்தான் வளைவுக்கு வளைவு ஹோர்ன் அடிக்குது. பனிக்குள்ள எது யாருன்னு தெரியுங்களா?"

போன் பண்ணலாம் என்று சொல்ல வாயெடுத்தார். அந்த லயத்தில் சிக்னல் கிடைக்கத் தண்ணீர்த் தொட்டி மேல் ஏற வேண்டும் என்பது ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டார்.

"இத ஏம்மா ரெண்டு வருசமா எங்கிட்டச் சொல்லல?"

"ஒங்களுக்குப் போயி எப்புடிங்க சேர் சொல்றது?" என்றாள் தனுஷிகா.

தினமும் வரிசையாக நின்ற அந்தப் பிள்ளைகளின் நனைந்த காலுறைகள் கண்ணுக்கு முன்னால் வந்தன. அதற்குத்தான் அவர் ஒழுக்கம் என்று பெயர் வைத்திருந்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. மாணவியின் வீட்டில், அவள் துடைத்துப் போட்ட கதிரையில் உட்கார்ந்துகொண்டு வெட்கப்படுவது இன்னும் கேவலமாக இருந்தது.

"திங்கக்கெழம ஒரு நாள் பாருங்க," என்றார் எழுந்துகொண்டே. "அப்புறம் ஒங்க இஷ்டம்."

மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே அஃப்னாவின் வாசலில் வேன் நின்றது. விஷயத்தைக் கேட்டதும் அவள் சிரித்த சிரிப்பில் ஸ்க்ரூடிரைவர் காதிலிருந்து விழுந்தது.

"எங்க நின்னு கேக்கோணும்னு அன்னைக்கே கேட்டேனே சேர்!"

"கேட்டாய் மகள். நான் ஆகாயத்த இழுத்தேன். இப்ப ரெண்டு வளைவுக்கு அங்கால கேக்கணும்."

பன்னிரண்டு அங்குல சப் வந்தது. பெட்டியின் முகத்தில் கையை விடலாம் போல் ஓர் ஓட்டை. அந்த ஓட்டை வழியாகத்தான் காற்று தள்ளிச் சத்தம் தூரத்துக்குப் போகும் என்றாள். பழைய ஆம்பே போதாதா என்று சேர் இழுத்தார்.

"பிளேன்டீ கேத்தல்ல பிரியாணி ஆக்கலாமா சேர்? சின்ன ஆம்ப முறுக்கி முறுக்கி வச்சா சத்தம் கிழிஞ்சி வரும், கடைசியில சப்பு சுருள் கருகும். சப்பு ஐநூறு கேட்டா ஆம்பும் ஐநூறு குடுக்கோணும்." பட்டரியிலிருந்து பெருவிரல் தடிப்பில் புது வயர் இழுத்தாள். அடிக்கிற அடிக்கெல்லாம் ஹெட்லைட் மங்கியதால் கொஞ்சம் குறைத்து வைத்தாள். பனிக்குள் காதும் வேணும், கண்ணும் வேணுமே.

இந்த முறை சேர் வேனுக்குள் ஏறவில்லை. பாட்டைப் போடச் சொல்லிப் பெற்றீசியாவை உள்ளே உட்கார வைத்துவிட்டு அவர் நடந்தார். பேக்கரியைத் தாண்டினார், மீன் கடையைத் தாண்டினார், புகையிரத நிலையத்துக்கு ஏறும் படிக்கட்டில் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். மீன்காரர் இவருக்கு மயக்கமோ என்று ஓடிவந்து முகத்தில் தண்ணீர் தெளித்தார். அது மீன் கழுவிய தண்ணீர். சேர் அதைப் பொருட்படுத்தவில்லை. கையைப் படிக்கட்டுக் கம்பியில் வைத்திருந்தார். கம்பி அதிர்ந்தது.

எந்தப் பாட்டைப் போடுவது என்பதில்தான் தகராறு. பழைய கீதங்களில் அடி இல்லை. ஜீவராஜ் போடுகிற பாட்டைச் சேர் போடமாட்டார். கோயில் இளைஞர்கள் போன நத்தார் பண்டிகைக்கு டிரம்ஸ் வைத்து ஒரு கீதம் பதிவு செய்திருந்தார்கள். இது தேவதூஷணம் என்று சொல்லி அப்போது அவர் சபைக் கூட்டத்திலிருந்து எழுந்து போயிருந்தார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அதே இளைஞர்களிடம் போய், குரலைத் தாழ்த்தி அதைக் கேட்டு வாங்கினார்.

திங்கட்கிழமை. ஐந்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத பனி, அதற்குள் தூறல். இரண்டு வளைவுக்கு முன்னாலேயே சேர் சத்தத்தைக் கூட்டினார். ஆண்டவருடைய மகிமை தேயிலைச் செடியெல்லாம் நடுங்க மலையேறியது. பெற்றீசியா காதில் பஞ்சு வைத்திருந்தாள்.

ஆறு பத்துக்கு வளைவில் போய் நின்றார். ஒரு பிள்ளையும் இல்லை.

சேர் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். வெறும் வளைவு. இரண்டு வருஷத்தில் அந்த இடத்தை அவர் வெறுமையாகப் பார்த்ததில்லை. எல்லாம் போய்விட்டது, ஏழும் போய்விட்டது என்று நினைத்தார். ஆறு பதினொன்று. கை பழக்கத்தில் கியருக்குப் போனது. அதைத் திரும்ப எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஆறு பன்னிரண்டு.

பெற்றீசியா பஞ்சை எடுத்தாள். "இப்ப நிக்கிற மாதிரி அப்பவே ரெண்டு மூணு நிமிசம் நின்னுருந்தீங்கன்னா," என்றாள், "இந்தப் பெட்டி எதுவுமே தேவப்பட்டிருக்காது."

இந்த வாக்கியத்தை அவர் முடித்து வைக்கவில்லை. அதை அவளே முழுசாகச் சொல்லி முடித்திருந்தாள்.

ஆறு பதின்மூன்றுக்கு மேலே படிக்கட்டில் தடதடவென்று சத்தம். பனிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வந்தார்கள். ஏழு பேரும் வந்தார்கள். கால் நனையவில்லை. ஒருவன் வாயில் இன்னும் ரொட்டி இருந்தது. கடைசியாக வந்தவள் தனுஷிகாவின் மகள் ஜெனுஷா. எட்டு வயது.

"ஜீவா அங்கிள்னு நெனச்சோம். அம்மாதான் சொன்னாங்க, அவரு சாமி பாட்டு போடமாட்டாரு, இது சேருதான்னு." ஆறு பத்து தாண்டியும் சேர் இன்னும் அங்கே இருப்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வேனை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏன் சேர், வேன் பழுதாயிருச்சா?"

"இல்ல புள்ள. ஒங்களுக்காகத்தான் நின்னேன்."

ஜெனுஷா நம்பவில்லை. குனிந்து, நாலு டயரையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் ஏறினாள்.