பாதி முள்ளங்கி

சாங்ஜோ நகரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் கரி நானோகுழாய்ப் பசையைக் கலக்கி அலுமினியத் தாளில் பூசுவது ருய்ஃபாங்கின் வேலை. அந்தத் தாளில் செய்யும் சூப்பர் கெப்பாசிட்டர் என்ற மின்சேமிப்பான், கிராம் கரிக்கு எவ்வளவு மின்சாரம் பிடிக்கிறது என்பதுதான் அங்கே எல்லாருக்கும் உயிர்.

போன மாதம் அது ஒரேயடியாக இரண்டு மடங்கானது. இயக்குநர் ஓயாங்குக்குக் கால் தரையில் பாவவில்லை. வாசலில் "உலக சாதனை" என்று சிவப்புப் பதாகை கட்டி, மாகாண அதிகாரியம்மாவையும் அழைத்துவிட்டார்.

ருய்ஃபாங் தானே எடை போட்டு நான்கு முறை செய்து பார்த்தாள். ஒருமுறைகூட இரட்டிக்கவில்லை. அதிகாரி வருவதற்கு முந்தின நாள், எடை போடும் தாவ் பக்கத்தில் போய் நின்றாள். எண்ணெய் சொட்டும் முள்ளங்கி வத்தலை மென்றுகொண்டே, அதே கையால் அவர் வெறும் தாளைத் தராசில் வைத்தார்.

"அண்ணே, கையுறை எங்க?"

"கையுறையோட தின்னா ருசி தெரியாதும்மா."

வெறும் தாளின் எடையில் எண்ணெயும் சேர்ந்துகொண்டது. பூசுமுன் ருய்ஃபாங் தாளைக் கழுவித் துடைத்துவிடுவாள். கடைசியில் பூசிய தாளின் எடையிலிருந்து வெறும் தாளின் எடையைக் கழிக்கும்போது, போன எண்ணெய்க்காகக் கரியின் எடையில் பாதி காணாமல் போயிருந்தது; கரி பாதியானால் கிராமுக்கு மின்சாரம் இரண்டு மடங்காகத்தானே தெரியும்.

ஓயாங்கிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். அவர் முகம் மலர்ந்தது.

"அப்ப எண்ணெய்தான் ரகசியமா? எல்லாத் தாள்லயும் தடவச் சொல்லு!"

"ஐயோ சார், மின்சாரம் ஏறல. கணக்குதான் ஏறிச்சு."

புரிந்ததும் அவர் முகம் தொங்கிப்போயிற்று. "பதாகை கட்டியாச்சு, இப்பக் கிழிக்கவா முடியும்? நாளைக்கு நீ வாயத் தொறக்காத."

மறுநாள் அதிகாரியம்மா ஓயாங்கின் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு ருய்ஃபாங்கிடம் திரும்பினார்.

"நீதானம்மா பூசுறவ? எப்படி ரெட்டிப்பாச்சு?"

ஓயாங் பலமாக இருமினார். ஆனாலும் ருய்ஃபாங்குக்கு வாய் நிற்கவில்லை.

"அதுல பாதி முள்ளங்கிங்க மேடம்."

நடந்ததை முழுக்கச் சொன்னாள். தாவ் மெல்ல நழுவி வெளியே போனார். அதிகாரியம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"சரி, நிஜ எண் என்ன?"

"போன வருஷத்தவிட பதினொரு சதவீதம் கூடங்க. நாலு தடவ செஞ்சு பாத்தேன்."

"அதுவே பெரிசுதானே! இந்த வருஷம் நான் பாத்த உலக சாதனையே ஏழு. ஒருத்தனும் ரெண்டாவது தடவ செஞ்சு பாக்கல." பதினொன்று என்று எழுதிக்கொண்டு, ஆய்வைத் தொடரச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

ஓயாங் ஒரு வாரம் ருய்ஃபாங்கிடம் பேசவில்லை. எட்டாம் நாள் அவளருகே வந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"பதினொண்ண பதினஞ்சாக்க முடியுமா?"

"குழாயெல்லாம் கட்டி கட்டியா ஒட்டிக்குது சார். நல்லாப் பிரிச்சுவிட்டா முடியலாம்."

"அப்பப் பிரிம்மா! என் மூஞ்சியவே பாத்துட்டு நிக்கிற?"

அவள் கலக்கியை முடுக்கினாள்.