ஏழாம் விதியும் பத்து ஜோடி பூட்ஸும்

சுங்கை கெருயிங் தோட்டம், தாமான் கெருயிங் என்ற குடியிருப்பாகிப் பல வருடமாகிறது. ரப்பர் மரங்கள் போய் வரிசை வீடுகள் வந்துவிட்டன. மாறாமல் நிற்பவை இரண்டு: மாரியம்மன் கோயில், அதன் எதிரே மங்களம் அக்காவின் பலகையடித்த தேநீர்க் கடை.

பத்து காஜா நகரிலிருந்து தீயணைப்பு வண்டி வந்து சேர நேரமாகும் என்பதால், ஊருக்கென்று ஒரு தன்னார்வத் தீயணைப்புப் படை அமைப்பதென முடிவானது. அன்றே தலைவர், துணைத்தலைவர், செயலாளர், துணைச்செயலாளர், ஆலோசகர்கள் எல்லோரும் தேர்வானார்கள். நெருப்பை அணைப்பது யார் என்ற விஷயம் மட்டும் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

தலைவர் சுகுமாரன். ஈப்போ பேரங்காடி ஒன்றில் பாதுகாப்பு மேற்பார்வையாளர். சீருடை அவருக்குப் புதிதல்ல. அதில் அழுக்குப் பட்டதுமில்லை.

மாவட்ட அதிகாரி ஒருவர் வந்து, இழுத்துச் செல்லும் பம்பு ஒன்றும் பத்து ஜோடி ரப்பர் பூட்ஸும் கொடுத்தார். பூட்ஸ் போடாத கால் ஒன்று நெருப்புப் பக்கம் போனாலும் பம்பைக் கமுந்திங்குக்கு அனுப்பிவிடுவேன், அங்கே ஒரு குழு காத்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். சுகுமாரன் அதை ஏழாம் விதியாக்கினார். குழாயை உறுப்பினர் மட்டுமே தொடலாம் என்பது எட்டாம் விதி. விதிகளை லேமினேட் செய்து மங்களம் அக்கா கடையில், பால் டின்களுக்கு மேலே மாட்டினார். கூட்டங்கள் நடப்பது அங்கேதான்.

"நானும் சேரட்டுமா தம்பி?" என்று மங்களம் ஒருநாள் கேட்டார்.

"உங்களுக்கு எதுக்குக்கா? நீங்க தேத்தண்ணி கலக்குங்க. அதுவும் ஊருக்குச் செய்ற சேவைதான்."

ஆடி மாதம் தீமிதி வந்தது. இந்த வருடம் படை முழுவதும் வரிசையாகக் குழி இறங்கும் என்று சுகுமாரன் அறிவித்தார். எல்லோரும் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டினால் தீ மிதிக்கும்வரை காலில் எதுவும் போடக்கூடாது. இதைப் பேசி முடிவெடுத்தபோது எல்லோரும் ஏழாம் விதிக்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தார்கள்.

தீமிதிக்கு மூன்று நாள் முன்னால், வியாழக்கிழமை மத்தியானம், கடைக்குப் பின்னால் லாலாங் புல் பற்றிக்கொண்டது. காற்று கடைப் பக்கம் அடித்தது. மங்களம் சட்டி மூடியைத் தட்டிக் கத்தினார். கோயிலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்த படை, மஞ்சள் வேட்டியோடு பம்பை இழுத்துக்கொண்டு வியக்கத்தக்க வேகத்தில் வந்து சேர்ந்தது. சேர்ந்ததும் நின்றது.

துணைத்தலைவர் சன்னாசி குழாயை எடுத்தார்.

"சன்னாசி, கால பாரு," என்றார் சுகுமாரன்.

"காலுக்கு என்ன?"

"பூட்ஸ் எங்க?"

"காப்புக் கட்டியிருக்கேன்ணே. செருப்பே போடக்கூடாது."

"அப்ப கிட்டப் போகக்கூடாது. பம்பு கமுந்திங் போயிரும்."

"ஞாயித்துக்கெழம இதுலயே நடக்கப் போறோம்லா."

"அது ஆத்தா நெருப்பு. இது அதிகாரி நெருப்பு."

துணைச்செயலாளர் ரூபன் யோசித்தான். "ரப்பர் பூட்ஸ்தானேண்ணே? தோல் இல்லையே. ரப்பர் நம்ம பாட்டன் காலத்துலேருந்து கையில இருந்த சாமான்."

"கையிலதான இருந்துச்சு? காலுல இல்லையே."

வெளியூர் போயிருந்த பூசாரிக்கு வாட்ஸ்அப்பில் கேள்வி போனது. பூசாரி படித்துவிட்டார்; நீலக் குறி விழுந்தது. எழுதிக்கொண்டிருக்கிறார் என்று காட்டியது. நின்றது. மறுபடி எழுதினார். பத்து காஜாவுக்கும் போன் போட்டார்கள், வண்டி கிளம்பிவிட்டதாம்.

அதற்குள் கடையின் பின்பலகை பிடித்துக்கொண்டது. பாத்திரம் கழுவிய தண்ணீரை வாளியோடு வீசிவிட்டு மங்களம் திரும்பினார்.

"கட எரியுது தம்பி."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம்கா."

"அதான் தெரியுதே."

பங்காளி வீட்டுச் சாவு காரணமாக மங்களம் அந்த வருடம் காப்புக் கட்டவில்லை. பம்பு வண்டியிலிருந்த பெட்டியைத் திறந்து, ஒரு ஜோடி பூட்ஸை எடுத்து, உள்ளே திணித்திருந்த காகிதத்தைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் காலை நுழைத்தார். அளவு ஒன்பது. உள்ளே இன்னொருவர் குடியிருக்கலாம்.

"அக்கா, நீங்க உறுப்பினர் இல்ல," என்றார் சுகுமாரன். "எட்டாம் விதி."

"அப்பச் சேத்துக்குங்க."

அவசரக் கூட்டம் கூடியது. ரூபன் முன்மொழிந்தான். சன்னாசி வழிமொழிந்தார். எதிர்ப்பு உண்டா என்று சுகுமாரன் கேட்டபோது அடுப்படிப் பக்கம் ஏதோ வெடித்தது. அது எதிர்ப்பாகப் பதிவு செய்யப்படவில்லை.

சன்னாசி தூர நின்று பம்பை முடுக்கினார். தண்ணீர் வந்த வேகத்தில் மங்களம் மல்லாக்க விழுந்தார். எழுந்தார். குழாயை அக்குளில் இடுக்கிக்கொண்டு முன்னே போனார். படையின் பயிற்சியெல்லாம் கடை வாசலில்தான் நடந்தது. தேநீர் ஆற்றியபடி அத்தனையையும் அவர் பார்த்திருக்கிறார்.

பின்பலகையும் பாதிக் கூரையும் போயின. அடுப்பும் முன்பக்கமும் தப்பின. லேமினேட் சுருண்டு ஏழும் எட்டும் ஒட்டிக்கொண்டன. அப்போது பூசாரியின் பதில் வந்தது: ரப்பர் பரவாயில்லை.

மறுநாள் அதிகாரி வந்து, படையினர் போனில் எடுத்திருந்த படங்களைப் பார்த்தார். எல்லாப் படத்திலும் பூட்ஸ் போட்டவர் ஒருவர்தான். பம்பு இங்கேயே இருக்கட்டும், பொறுப்பு இந்த அம்மாவிடம் இருக்கட்டும் என்றார். தீமிதிக்கு இவர் குழாயோடு நிற்க வேண்டும் என்றும் சொன்னார். பம்பு தப்பிய மகிழ்ச்சியில் சுகுமாரன் இரண்டாவதையும் மூன்றாவதையும் சரியாகக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை குழி தகதகத்தது. வரிசையில் முதல் ஆள் சுகுமாரன். அனல் முகத்தில் அடித்ததும் அவர் கால் ஒரு அடி பின்வாங்கியது. குழியின் மறுகரையில், ஒன்பதாம் அளவு பூட்ஸில், மங்களம் குழாயைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"வாரீங்களா தம்பி," என்றார், "இல்ல ஒரு கூட்டம் போட்டு முடிவு பண்ணணுமா?"

சுகுமாரனுக்குப் பின்னாலிருந்து சன்னாசி கூட்டத்தை வழிமொழிந்தார்.